தறியிற் பிறந்த விசிறி

உணவுக்கு உழவு எவ்வாறோ, உடைக்கு நெசவு அவ்வாறாகும். பாவாக விரித்த நூல்களினூடே ஊடை நூலைக் குறுக்காகச் செலுத்தி, அதனை ஒன்றன் மேலும் மற்றொன்றன் கீழுமாக மாறி மாறிப் போகவிடும் எளிய முறையை ஆதிமனிதன் கண்டான். தனியே நின்றால் விரலால் இழுத்து அறுக்கக்கூடிய நூல், அவ்வாறு பின்னப்பட்ட பின்னர்ப் பாயாகிக் கடற்காற்றைத் தாங்கியது. ஏணையாகிக் குழந்தையைச் சுமந்தது. கூடாரமாகிப் படைகளுக்கு நிழல் தந்தது. அதே நெசவுமுறை நம் காலத்தில் ஆகாயவிமானத்தின் இயந்திரத்தினுள்ளும் புகுந்து, உலோகம் செய்துவந்த வேலையைத் தான் ஏற்றுக்கொண்டது என்பது பலரும் அறியாத செய்தியாகும். அது அங்கே எளிதிற் புகவில்லை. புகழ்பெற்ற தொழில் நிறுவனமொன்றின் வீழ்ச்சியைக் கண்ட பின்னரே, நூலின் வலிமை வேறு, நெசவின் வலிமை வேறு என்பது உலகுக்கு விளங்கிற்று. அவ்வரலாறே இப்பேச்சின் பொருளாகும்.

முதற்கண், கூட்டுப்பொருள் என்பது யாதென அறிதல் வேண்டும். மண்வீடு கட்டுவோர் களிமண்ணை மட்டும் குழைத்துச் சுவர் எழுப்புவதில்லை. அதனுடன் வைக்கோலையும் சேர்த்து மிதிப்பர். வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும். வெறும் வைக்கோல் நிமிர்ந்து நில்லாது. இரண்டும் சேர்ந்தவிடத்து, வைக்கோல் இழுவிசையைத் தாங்குகின்றது. களிமண் வைக்கோலை அதனதன் இடத்திற் பிடித்து வைத்துக்கொள்கின்றது. வைக்கோலின் இடத்தில் வலிய நாரையும், களிமண்ணின் இடத்தில் இறுகும் இயல்புடைய பிசினையும் வைத்தால், அதுவே இக்காலத்துக் கூட்டுப்பொருளாகும். வலிமையைத் தருவது நார். வடிவத்தைக் காப்பது பிசின். பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் என்னும் இரசாயன அறிஞர் 1907 ஆம் ஆண்டில் பேக்கலைட் என்னும் செயற்கைப் பிசினை ஆக்கியபோது, இத்துறைக்கு வழி திறந்தது. துணியை அப்பிசினில் தோய்த்து, படைபடையாக அடுக்கி, சூட்டில் அழுத்தி எடுத்த பலகைகள் மின்சாரக் கருவிகளிலும் பற்சக்கரங்களிலும் விரைவிற் பயன்படலாயின.

பிசின் கிடைத்துவிட்டது, அடுத்து வேண்டியது பருத்தியினும் வலிய நூல். அதனைத் தேடியவர்களின் கண்ணில் முதலிற் பட்டது கண்ணாடி. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வமத மகாசபை சிக்காகோ நகரிற் கூடிய 1893 ஆம் ஆண்டில், அந்நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியிலே, எட்வேட் லிபி என்னும் கண்ணாடித் தொழிலதிபர் கண்ணாடி இழையையும் பட்டையும் கலந்து நெய்த ஆடையொன்றைக் காட்சிக்கு வைத்தார். கண்டோர் வியந்தனர், ஆயினும் அக்காலத்து இழை தடித்ததாகவும் எளிதில் முறிவதாகவும் இருந்தமையால், அது காட்சிப் பொருளாகவே நின்றுவிட்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1930 களில், உருகிய கண்ணாடியை மிக நுண்ணிய இழையாக இழுக்கும் முறையை அமெரிக்காவில் கேம்ஸ் ஸ்லேட்டர் முதலியோர் செம்மை செய்தனர். அதன் பயனாக 1938 ஆம் ஆண்டில் ஓவென்ஸ் கோர்ணிங் நிறுவனம் தோன்றிற்று. கண்ணாடித் துணியைப் பிசினில் தோய்த்துச் செய்த பொருள்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களின் ரேடார் மூடிகளாயின. போருக்குப் பின்னர்ப் படகுகளாயின. இன்று நம் கடற்கரைகளிற் காணப்படும் பைபர் படகு அவ்வழியில் வந்ததேயாகும்.

கண்ணாடி இழை வலியதாயினும் அதற்குக் குறையொன்று உண்டு. பாரம் ஏற்றினால் அது உலோகத்தைக் காட்டிலும் மிகுதியாக வளைந்து கொடுக்கும். விமானத்தின் உறுப்புக்கு வலிமையும் வேண்டும், வளையாத விறைப்பும் வேண்டும், எடையும் குறைந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நார் எதுவெனத் தேடியபோது கிடைத்தது கரி. விஞ்ஞானிகள் காபன் எனக் கூறும் மூலகம்.

கரி நார் உலகுக்குப் புதியதன்று. 1879 ஆம் ஆண்டில் தோமஸ் எடிசன் மின்விளக்கினுள் எரியவைத்தது, கரியாக்கிய பருத்தி நூலேயாகும். இங்கிலாந்தில் ஜோசப் சுவான் என்பாரும் அவ்வழியே சென்றார். பின்னர் மூங்கில் நாரையும் கரியாக்கிப் பயன்படுத்தினர். டங்ஸ்டன் என்னும் உலோகக் கம்பி வந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதும் கரி நூல் மறக்கப்பட்டது. அதற்கு ஒளி தரும் ஆற்றலோடு, பாரம் தாங்கும் ஆற்றலும் உண்டென எவரும் அப்போது கருதவில்லை.

அவ்வாற்றலை வெளிப்படுத்தியவர்கள் மூன்று நாட்டவர்கள். 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், யூனியன் காபைட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் றோஜர் பேக்கன் என்னும் இளைஞர், உருக்கினும் பன்மடங்கு வலிய காபன் இழைகளைச் சிறு அளவிற் செய்து காட்டினார். 1961 ஆம் ஆண்டளவில் யப்பானில் ஒசாக்கா நகரத்து அரசாங்க ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அக்கியோ ஷிண்டோ, ஆடை நெய்யப் பயன்படும் அக்ரிலிக் நாரைச் சுட்டுக் காபன் நாராக்கும் வழியை வெளியிட்டார். 1964 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில், பார்ன்பரோவிலுள்ள அரச விமான ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட், லெஸ்லி பிலிப்ஸ், வில்லியம் ஜோன்சன் என்னும் மூவரும் அம்முறையைப் பெரிதும் திருத்தினர்.

பார்ன்பரோ அறிஞர் செய்த திருத்தம் கேட்பதற்கு மிக எளிது. நாரை முதலில் 200 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்திற் காற்றுப்படச் சூடாக்குவர். அப்போது அது சுருங்க முற்படும். சுருங்கவிட்டால் அதனுள்ளிருக்கும் மூலக்கூறுகள் ஒழுங்கு குலைந்துவிடும். ஆகவே நாரைச் சட்டத்திற் சுற்றி, சுருங்காதபடி இழுத்துப் பிடித்தவாறே சூடாக்கினர். பின்னர் ஒட்சிசன் புகாத இடத்தில் 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அதனைச் சுட்டனர். ஒழுங்காக நின்ற மூலக்கூறுகள் ஒழுங்காகவே கரியாயின. பாவு நூலைத் தளரவிடாது இழுத்துக் கட்டுவதே நல்ல நெசவின் முதற்பாடம். அதனை ஒத்த செயலே இங்கும் வெற்றி தந்தது. கிடைத்த நார் உருக்கினும் வலிது, உருக்கினும் விறைப்பானது, எடையிலோ உருக்கின் நாலிலொரு பங்களவே ஆவது. ஒவ்வோர் இழையும் மனிதரின் தலைமயிரிற் பத்திலொரு பங்கு தடிப்பே உடையது. அத்தகைய ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்தே ஒரு கற்றையாகும்.

இப்புதிய நாரின் மீது பெரும் நம்பிக்கை வைத்தது டேர்பி நகரில் இயந்திரங்கள் செய்த றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம். 1968 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க லொக்ஹீட் நிறுவனம், ட்றைஸ்டார் என்னும் தனது பெரிய விமானத்துக்கு றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தாரின் ஆர்பி 211 இயந்திரத்தைத் தெரிந்துகொண்டது. இவ்வகை இயந்திரத்தின் முன்புறத்தில் மிகப் பெரிய விசிறியொன்று சுழலும். ஆர்பி 211 இன் விசிறி ஏறக்குறைய 7 அடி விட்டமுடையது. விமானத்தை முன்னே தள்ளும் விசையிற் பெரும்பங்கை உண்டாக்குவது அதுவே. அவ்வளவு பெரிய விசிறி வேகமாகச் சுழலும்போது, அதன் ஒவ்வொரு தகடும் வெளிநோக்கிப் பிய்த்துக்கொண்டு செல்ல முயலும். தகட்டின் எடை கூடக்கூட, அதனைப் பிடித்திருக்கும் நடுவட்டும் தண்டும் யாவும் தடிக்க வேண்டியதாகும். ஆகவே காபன் நாரைப் பிசினோடு சேர்த்து, ஹைஃபில் எனப் பெயரிட்ட பொருளால் எடை குறைந்த விசிறித் தகடுகளைச் செய்ய அந்நிறுவனத்தார் துணிந்தனர்.

தகடுகள் செய்யப்பட்டன, சோதனைகள் பலவற்றில் தேறின. எஞ்சியது பறவைச் சோதனை. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும்போதும் இறங்கும்போதும் பறவைகள் இயந்திரத்துட் புகுதல் அரிதான நிகழ்ச்சியன்று. பறவை மெல்லியதேயெனினும், அதிவேகமாகச் சுழலும் தகட்டின் மீது மோதும்போது அது கல்லை ஒத்த தாக்கத்தை உண்டாக்கும். ஆகவே, இறந்த கோழியைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஓடும் இயந்திரத்துட் செலுத்தி, தகடுகள் தாங்குகின்றனவா எனப் பார்ப்பர். 1970 ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த அச்சோதனையில் ஹைஃபில் தகடுகள் சிதறிப் போயின. உருக்கினும் வலிய நாராற் செய்த தகடு ஒரு கோழிக்குத் தோற்றது.

டைட்டேனியம் என்னும் உலோகத்தாற் செய்த தகடுகளையும் றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தார் முன்னெச்சரிக்கையாக ஆக்கி வந்திருந்தனர். அவர்கள் அவற்றுக்குத் திரும்ப நேர்ந்தது. எடை கூடிற்று, செலவு கூடிற்று, காலமும் கடந்தது. அந்நிறுவனத்தின் இடர்ப்பாட்டுக்கு இவ்வொரு காரணமே போதுமென்பது நேர்மையாகாது. குறித்த விலைக்குத் தருவதாக ஒப்பந்தம் செய்த இயந்திரத்தின் ஆக்கச்செலவு எல்லா வகையிலும் எல்லை கடந்திருந்தது. தகட்டின் தோல்வி அப்பாரத்தின் மேல் ஏறிய மற்றொரு பாரமாயிற்று. 1971 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் திகதி றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் கடன் தீர்க்க இயலாது முறிந்தது. இங்கிலாந்தின் பெருமைக்கு அடையாளமாக விளங்கிய நிறுவனம் வீழ்ந்ததென்ற செய்தி கேட்டு உலகம் திகைத்தது. டேர்பி நகரின் தொழிலாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை அடுத்த மாத ஊதியத்தை எண்ணிக் கலங்கின. அந்நிறுவனத்தை அரசாங்கம் பொறுப்பேற்று நடத்த நேர்ந்தது. அவ்வதிர்ச்சி அட்லாந்திக்குக்கு அப்பாலும் சென்றது. லொக்ஹீட் நிறுவனத்தைக் காப்பதற்காக 250 மில்லியன் டொலர் கடனுக்கு அமெரிக்க அரசு பிணைநிற்க வேண்டியதாயிற்று. அம்மசோதா செனற் சபையில் ஒரே ஒரு வாக்கு மிகையால் நிறைவேறிற்று.

முடிவில், உலோக விசிறியோடு கூடிய ஆர்பி 211, 1972 ஆம் ஆண்டில் ட்றைஸ்டார் விமானத்திற் பிரயாணிகளைச் சுமக்கத் தொடங்கிற்று. சிறந்த இயந்திரமென்ற பெயரையும் பெற்றது. 1980 களில் எயர் லங்கா நிறுவனம் கட்டுநாயக்காவிலிருந்து செலுத்திய ட்றைஸ்டார் விமானங்களை இலங்கையர் பலர் நினைவில் வைத்திருப்பர். அவற்றை உந்திச் சென்ற விசிறிகள், காபன் நார் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பிய உலோக விசிறிகளே.

வலிய நார் ஏன் தோற்றது? இதனை விளங்கிக்கொள்ள நம் முன்னோரின் ஏட்டுச்சுவடியை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வோர் ஏடும் நீளப்பாட்டில் உறுதியானது. இழுத்தால் எளிதில் அறாது. ஐம்பது ஏடுகளை அடுக்கி வைத்து, அவ்வடுக்கை வளைத்தால் ஏடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி விலகும். பக்கத்திலிருந்து தட்டினாற் சிதறும். அவற்றைச் சுவடியாகக் காப்பது, துளையினூடே எல்லா ஏடுகளையும் ஊடுருவிச் செல்லும் கயிறு ஒன்றே. அக்காலத்துக் காபன் தகடும் ஏடுகளின் அடுக்குப் போன்றதே. நார்கள் படைபடையாக அடுக்கப்பட்டிருந்தன. படைக்குள்ளே நாரின் வலிமை முழுவதும் இருந்தது. படைக்கும் படைக்கும் இடையிலோ வெறும் பிசின் மட்டுமே இருந்தது. அடி விழுந்தபோது வலிய நார் அறுவதற்கு முன்னரே நலிந்த பிசின் பிளந்தது, படைகள் பிரிந்தன. சுவடியிற் கயிறு இல்லாமையே குறை.

அக்கயிற்றை எங்ஙனம் கோப்பது என்பதே அடுத்த இருபது முப்பது ஆண்டுகளின் ஆராய்ச்சியாயிற்று. ஒரு சாரார் பிசினையே வலிதாக்க முயன்றனர். அடிபட்டால் எளிதிற் பிளவாத வலிய பிசினை ஆக்கி, காபன் படைகளை அதனாற் பிணைத்து, தகட்டின் முன்விளிம்புக்கு டைட்டேனியக் காப்பிட்டு, அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் ஜீஈ 90 என்னும் பேரியந்திரத்தைச் செய்தனர். 1995 ஆம் ஆண்டில் போயிங் 777 விமானத்தில் அது சேவைக்கு வந்தது. அடுக்கிச் செய்த தகடும் உரிய காப்போடு வெற்றி பெறக்கூடும் என்பதை அது காட்டிற்று. மற்றொரு சாரார் நெசவாளரின் வழியை நாடினர். படைகளை அடுக்கிய பின்னர் ஒட்டுவதற்குப் பதிலாக, அடுக்கு முழுவதையும் ஒரே துணியாக நெய்தல் கூடுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

காபன் நூலைத் தறியில் ஏற்றுவது எளிதன்று. பருத்தி நூல் வளையும், நெளியும், அச்சிலும் விழுதிலும் உராய்ந்தாலும் பெரிதும் கெடாது. காபன் இழையோ இழுவைக்கு வலிதேயன்றி, மடிப்புக்கும் உராய்வுக்கும் மிக மெலிது. கூர்மையாக மடித்தால் முறிந்துபோகும். பருத்திப் பாவுக்குக் கஞ்சி போடுவது போலவே, காபன் கற்றைக்கும் மெல்லிய பசையூட்டிக் காத்தல் வேண்டும். நூல் செல்லும் வழியெங்கும் வழவழப்பாக இருத்தல் வேண்டும். முறிந்து பறக்கும் காபன் துகளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் இயல்பு உண்டு. அது தறியின் மின்கருவிகளுட் புகுந்தால் அவற்றைப் பழுதாக்கிவிடும். ஆகவே அக்கருவிகளைத் தூசி புகாதபடி மூடிவைப்பர்.

நெசவின் வகையும் கவனத்துக்குரியது. ஒன்று மேலே, ஒன்று கீழே எனச் செல்லும் சாதாரண நெசவில், நூல் ஒவ்வொரு சந்திப்பிலும் நெளிகின்றது. துணி குலையாது நிற்கும். ஆயின் நெளிந்த நூல் நேராக நிற்கும் நூலைப் போல விறைப்பாகப் பாரம் தாங்காது. பட்டுச் சேலைக்குப் பளபளப்பைத் தரும் சாட்டின் நெசவிலோ, ஊடை நூல் நாலு அல்லது ஏழு பாவு நூல்களுக்கு மேலாக நீண்டு சென்று, ஒன்றன்கீழ் மட்டும் நுழைகின்றது. நெளிவு குறைவதால் விறைப்பு மிகும்; வளைந்த அச்சின் மேல் சுருக்கமின்றிப் படியும் இயல்பும் உண்டாகும். பட்டுக்கு அழகு தந்த முறை காபன் துணிக்கு உறுதி தந்தது. விமானத் தொழிலில் இவ்வகைத் துணி பெரிதும் பயன்படுவதற்குக் காரணம் இதுவேயாகும்.

சுவடிக்குக் கயிறு கோப்பது போலத் துணியின் தடிப்பினூடே நூலைச் செலுத்துவதற்கு இவையும் போதா. அதற்குப் பாவு நூல்களைப் பல தளங்களில் ஒன்றன்மேலொன்றாக விரித்து, ஒவ்வொன்றையும் வேண்டியபோது மட்டும் தனித்தனியே உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய தறி வேண்டும். அத்தகைய தறி இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிரான்சில் தோன்றியிருந்தது. லியோன் பட்டுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கே பூவேலைப் பட்டு நெய்யும்போது, தறியின் மேலிருந்து பாவு நூல்களை முறைப்படி இழுத்துவிடும் வேலையை உதவியாளர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், செய்துவந்தனர். 1752 ஆம் ஆண்டிற் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு, தமக்கு முன்னிருந்தோர் கண்ட வழிகளை இணைத்து, துளையிட்ட அட்டைகளாற் பாவு நூல்களை ஆளும் தறியை 1804 ஆம் ஆண்டளவில் ஆக்கினார். அட்டையில் துளையுள்ள இடத்து நூல் உயரும். துளையில்லாத இடத்து உயராது. பிழைப்புக் கெடுமென அஞ்சிய நெசவாளர் முதலில் அதனை எதிர்த்தனர். பின்னர் அத்தறி உலகெங்கும் பரவிற்று. துளையட்டையின் இடத்தைப் பிற்காலத்தில் கணினி எடுத்துக்கொண்டதேயன்றி, தறியின் கருத்து மாறவில்லை.

அத்தறியிற் காபனை ஏற்றியவர்கள் இரு நாட்டவர். ஒருவர் பிரான்சின் ஸ்னெக்மா என்னும் விமான இயந்திர நிறுவனத்தார். அந்நிறுவனம் பின்னர் சஃப்ரான் என்னும் பெயரின்கீழ் வந்தது. மற்றவர் அமெரிக்காவின் ஆல்பனி நிறுவனத்தார். இந்நிறுவனம் 1895 ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலத்து ஆல்பனி நகரில் தோன்றியது. அதன் தொழில், கடதாசி ஆலைகளில் ஈரக் கடதாசியைச் சுமந்து செல்லும் தடித்த கம்பளித் துணிப் பட்டைகளை நெய்வதாகும். ஓய்வின்றி ஓடி, நீரும் அழுத்தமும் தாங்கி நிற்கும் தடித்த துணியை நெய்வதில் அதற்கு நூறாண்டு அனுபவம் இருந்தது. கடதாசி ஆலைக்குத் துணி நெய்தவர்களுக்கும் விமான இயந்திரத்துக்கும் என்ன தொடர்பென முதலில் ஒருவர் கேட்கக்கூடும். அவர்களிடம் இருந்த அறிவே இங்கு வேண்டப்பட்டது.

அவர்கள் கையாண்ட முறை வருமாறு. காபன் பாவு நூல், மேற்றளத்து ஊடையைச் சுற்றிக் கீழிறங்கி, அடுத்த தளத்து ஊடையைப் பற்றி, மீண்டும் மேலேறுகின்றது. அண்டை நூல் அதற்கடுத்த தளத்தைப் பற்றுகின்றது. இவ்வாறு எல்லாத் தளங்களும் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ள, தனியே பிரிக்கத்தக்க படை என்பதே அத்துணியில் இல்லாது போகின்றது. விசிறித் தகட்டின் அடிப்பாகம் மிகத் தடித்தது, நுனியோ மெல்லியது. ஆகவே அடியிலிருந்து நுனிக்குச் செல்லச் செல்ல நூல்களின் தொகையையும் தளங்களின் தொகையையும் முறைப்படி குறைத்துக்கொண்டே நெய்வர். தறியிலிருந்து இறங்கும் துணியை வெட்டி, தகட்டின் முறுக்கமைந்த வடிவுக்குக் கொணர்ந்து, உலோக அச்சினுள் வைத்து மூடுவர். பின்னர்ப் பிசினை அழுத்தத்தோடு உட்செலுத்தி, சூடேற்றி இறுகச் செய்வர். இறுதியில் முன்விளிம்பில் டைட்டேனியக் காப்பை ஒட்டுவர்.

இவ்வாறு நெய்த விசிறியைக் கொண்ட இயந்திரம் லீப் எனப்படும். அதனை ஆக்கியது, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் ஸ்னெக்மா நிறுவனமும் சமபங்காக 1974 ஆம் ஆண்டில் நிறுவிய கூட்டு நிறுவனமாகும். பறவைச் சோதனையை விட்டு எந்த இயந்திரமும் தப்ப முடியாது. பறவைகளால் விளையும் ஆபத்து வெறும் கற்பனையன்று என்பதை 2009 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி உலகம் கண்டது. அன்று நியூ யோர்க் நகரிலிருந்து எழும்பிய விமானமொன்றின் இரு இயந்திரங்களிலும் காட்டு வாத்துகள் புகுந்து, அவற்றின் உட்பகுதியைப் பழுதாக்கின. விமானி ஹட்சன் ஆற்றின் மேல் விமானத்தை இறக்கியமையால் 155 பேரும் உயிர் தப்பினர். இத்தகைய தாக்குதலை முன்னின்று ஏற்கும் உறுப்பு விசிறியே. நெய்த தகடுகள் அதற்கென விதிக்கப்பட்ட சோதனைகளைத் தாங்கித் தேறின. 2016 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் துருக்கி நாட்டு நிறுவனமொன்றின் ஏ320 நியோ விமானத்தில் லீப் இயந்திரம் பிரயாணிகளைச் சுமக்கத் தொடங்கிற்று. அதற்கு முந்திய தலைமுறை ஏ320 விமானத்துக்கு அதே கூட்டு நிறுவனம் செய்த இயந்திரத்தின் விசிறியில் 36 உலோகத் தகடுகள் இருந்தன. லீப் விசிறியிலோ 18 தகடுகளே உண்டு. தகடுகள் அகன்றன, தொகை பாதியாயிற்று, எடையும் குறைந்தது. 1970 ஆம் ஆண்டில் டேர்பியிலே கைவிடப்பட்ட எண்ணம், 46 ஆண்டுகள் கழித்து, வேறு நாட்டில், வேறு கையால் நிறைவேறியது. கட்டுநாயக்காவில் வந்திறங்கும் ஏ320 நியோ விமானங்கள் சிலவற்றின் இயந்திரத்துள்ளும் இந்நெசவே சுழல்கின்றது.

இத்தகடுகளை நெய்யும் ஆலைகள் அமைந்த இடங்களும் சிந்தனைக்குரியவை. 2014 ஆம் ஆண்டில் ஒன்று அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்து றொசெஸ்ரர் நகரிலும், மற்றொன்று பிரான்சின் லொரேன் பகுதியிலுள்ள கொமேர்சி நகரிலும் திறக்கப்பட்டன. நியூ ஹாம்சயர் ஒருகாலத்தில் நெசவாலைகளுக்குப் பெயர்பெற்ற மாநிலம். அங்கே மான்செஸ்ரர் நகரில் ஆற்றங்கரை நெடுகப் பரந்து கிடந்த அமொஸ்கீக் ஆலை, உலகின் மிகப் பெரிய பருத்தியாலைகளுள் ஒன்றாக விளங்கியது. தெற்கு மாநிலங்களின் போட்டியாலும் பொருளாதார வீழ்ச்சியாலும் நலிந்த அவ்வாலை 1930 களின் நடுவில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான நெசவாளர் வேலையிழந்தனர். நெசவுக்கு இனி எதிர்காலமில்லையென்று அன்று எண்ணியோரைக் குறைகூற முடியாது. ஆயினும் அம்மாநிலத்திலேயே, எண்பது ஆண்டுகளுக்குள், தறியின் ஒலி மீண்டும் கேட்டது. இம்முறை தறியில் ஏறியது பருத்தியன்று, கரி.

நெசவே எல்லாவற்றுக்கும் மருந்தென்று இதனாற் கொள்ளலாகாது. தடிப்பினூடே செல்லும் நூல், தகட்டின் நீளப்பாட்டுக்கு வேண்டிய விறைப்பிற் சிறு பங்கைக் குறைக்கின்றது. நெய்வதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. நெசவினுள்ளே ஒரு நூல் பிழைத்தால், அதனைக் கண்டறிய எக்ஸ் கதிர் போன்ற கருவிகள் வேண்டும். பயன் தீர்ந்த கூட்டுப்பொருளை உலோகம்போல உருக்கி மீண்டும் பயன்படுத்துதலும் இயலாது. ஆகவே விமானத்தின் சிறகு போன்ற நீண்ட உறுப்புகளுக்கு நேராகப் பரப்பிய நார்ப்படைகளையே பெரிதும் ஆளுகின்றனர். எங்கே பாரம் ஒரே திசையில் வருமோ, அங்கே நேர் நார். எங்கே எதிர்பாராத திசையிலிருந்து அடி விழுமோ, அங்கே நெசவு. இவ்விரண்டையும் பகுத்தறிவதே இத்துறையில் வல்லோரின் திறமையாகும்.

1964 ஆம் ஆண்டில் பார்ன்பரோ அறிஞர்கள் உலகுக்குத் தந்த நார், அந்நாளிலேயே உருக்கினும் வலியதாக இருந்தது. அதன் வலிமையில் எவ்விதக் குற்றமும் இருக்கவில்லை. தனித்தனியே வலியவை அடுக்கப்பட்டு நின்றபோது, அவற்றின் இடையே அமைந்த நலிந்த இடத்தைத் தேடிச் சென்று அடி விழுந்தது. அவ்விடத்தை அடைக்கும் வழி, ஒவ்வொரு நூலையும் மற்றொன்றோடு கொளுவிவிடும் பழைய கைத்தொழிலில் அடங்கியிருந்தது. அதனை அறிந்திருந்தவர்களோ, விமானத்தோடு தொடர்பற்ற ஆலைகளில், கடதாசிக்குத் துணியும் மணப்பெண்ணுக்குப் பட்டும் நெய்துகொண்டிருந்தனர். அவர்களை நாடிச் செல்ல விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. பழைய தொழிலை அதன் பயன் முடிந்ததென்று ஒதுக்குமுன், அதனுள் அடங்கிய அறிவு இன்னும் எதற்கெல்லாம் உதவக்கூடுமென ஒருமுறை கேட்டறிதல் அறிவுடையோர் கடமையாகும்.